பக்கத்தில் நின்ற வண்டி

காபிக் கடை ஜன்னலுக்கு வெளியே, கைக்குழந்தை மால்தேயின் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு குழந்தை வண்டி நின்றிருந்தது. அதைப் பார்த்ததும் மாரெனுக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது.

இலையுதிர்கால விடுமுறைக்கு டென்மார்க்கின் ஓடென்ஸிலிருந்து கென்ட் நகரத்துக்கு வந்து இறங்கிய நாளிலிருந்தே பெல்ஜியம்காரர்கள் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தையை வண்டியோடு தெருவில் தூங்கவிட்டு, உள்ளே போய்க் காலாட்டிக்கொண்டு காபி குடிக்கிற அம்மாவை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? டென்மார்க்கில் இது ஒரு விஷயமே இல்லை. அங்கே எந்தக் கடை வாசலிலும் சைக்கிள்களுக்கு நடுவே குழந்தை வண்டிகள் வரிசையாக நிற்கும். தூறலானாலும் பனியானாலும் உள்ளே குழந்தைகள் கன்னம் சிவக்கத் தூங்கும். குளிர்காற்றில் தூங்கினால்தான் உடம்பு தேறும் என்று நர்ஸிலிருந்து மாமியார் வரை சொல்லுவார்கள். எந்தக் குழந்தையாவது அழுதால், அந்த வழியாகப் போகிறவர் யாராக இருந்தாலும் நின்று வண்டியை இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, கடைக்குள் தலையை நீட்டி, "வெளிய ஒரு குழந்தை அழுது!" என்று குரல் கொடுப்பார். வாயில் ரொட்டியோடு யாரோ ஒரு அம்மா எழுந்து ஓடுவாள். அவ்வளவுதான் சங்கதி.

"பாத்தியா? இந்த ஊர்லயும் நம்மள மாதிரி ஆளு இருக்காங்க," என்றாள் மாரென்.

அவள் கணவன் எஸ்பென் திரும்பிப் பார்த்தான். உயரமான சக்கரங்களோடு, கறுத்துப்போய், எந்தக் காலத்து வண்டியோ அது. அதன் கூண்டு மூடி முழுக்கத் தாழ்ந்திருந்தது.

"மியூசியத்துலேர்ந்து தள்ளிட்டு வந்துட்டாங்க போல," என்றான். "உள்ள இருக்கறது குழந்தையா, ராஜாவான்னு பாரு."

மகள் லிவா சிரித்தாள். ஆறு வயது, எதற்கும் சிரிப்பாள். இந்த ஊரில் மட்டும் கிடைக்கிற, ஊதா நிறத்தில் மூக்கு மாதிரி இருக்கும் மிட்டாயை நுனியில் கடித்து, உள்ளேயிருந்த பாகை நாக்கால் தோண்டிக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் ஊதா. நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்த பணிப்பெண் வாஃபிள் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வந்ததிலிருந்து மூன்றாவது தடவையாக அதையே சொன்னாள்.

"உள்ள நெறைய இடம் இருக்குங்க. வண்டிய உள்ள கொண்டு வந்துடுங்களேன்."

"உள்ள வந்தா முழிச்சுக்குவான். அப்புறம் இந்த வாஃபிள உங்க பூனைதான் சாப்பிடணும்," என்றான் எஸ்பென். அவள் சிரிக்கவில்லை.

மேஜைமேல் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பேபி அலாரம் இருந்தது. சோப்புக்கட்டி அளவில் ஒரு வெள்ளைக் கருவி. அதன் ஜோடி வெளியே மால்தேயின் தலைமாட்டில் இருந்தது. அவன் அங்கே மூச்சு விட்டால் இங்கே கேட்கும்; இங்கே பொத்தானை அழுத்திப் பேசினால் அங்கே கேட்கும். மாரென் அதைக் காதோடு ஒட்டி வைக்காத குறைதான். ஜன்னல் வழியாக வண்டி முழுசாகத் தெரிந்தாலும், அந்தச் சின்ன மூச்சு காதில் விழுந்துகொண்டிருந்தால்தான் அவளுக்குக் காபி இறங்கும்.

அலாரத்தில் அழுகை கேட்டது.

மாரென் பழக்கமாகப் பொத்தானை அழுத்தினாள். தினமும் எத்தனையோ தடவை சொல்லுகிற அதே வார்த்தைகளை, அதே ராகத்தில் சொன்னாள். "ஷ்ஷ்... அம்மா இங்கதான் இருக்கேன். தூங்கு."

அழுகை நிற்கவில்லை. அவள் புருவத்தைச் சுருக்கினாள். "தும்மலே இல்லாம அழறானே!"

மால்தே தூங்கி எழுந்தால் முதலில் இரண்டு தும்மல் போடுவான். பிறந்த நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு தும்மல், ஒரு சின்ன யோசனை, அதற்கப்புறம்தான் அழுகை. எஸ்பென் அதைக் கச்சேரி ஆரம்பிப்பதற்கு முன்னால் சுருதி சேர்ப்பது என்பான். மாரென் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மால்தே தூங்கிக்கொண்டிருந்தான். மஞ்சள் குல்லாய் கண் வரை இறங்கியிருக்க, வாயோரத்தில் பால் காய்ந்திருக்க, ஆனந்தமான தூக்கம். அழுதது பக்கத்து வண்டி. துருப்பிடித்த கீலைத் திருப்புகிற மாதிரி ஒரு அழுகை; மேலே ஏறும், பாதியில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஏறும். லெய் ஆற்றிலிருந்து மூடுபனி தெருவுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. அதில் ஆற்றுப் பாசியும், எங்கோ உருளைக்கிழங்கு பொரிக்கிற கொழுப்பும், அந்த வண்டிக்குக் கிட்டப் போனபோது நனைந்த கம்பளியும், புளித்த பாலும் மணத்தன.

தன் ஊரில் செய்வதைத்தான் அவள் செய்தாள். கைப்பிடியைப் பிடித்தாள், அது உள்ளங்கையில் ஒட்டுகிற குளிர்ச்சியாக இருந்தது. மெல்ல ஆட்டினாள். சக்கரம் ஒன்று க்ரீச், க்ரீச் என்றது. மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. அடுத்தவர் குழந்தையின் போர்வையை விலக்கிப் பார்ப்பது அவர்களுடைய ஊரில் மரியாதை இல்லை. குனிந்து, யோசிக்காமல், வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஷ்ஷ்... அம்மா இங்கதான் இருக்கேன். தூங்கு."

அழுகை சட்டென்று நின்றது. அழுது ஓய்ந்த குழந்தைக்கு விம்மல் இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. யாரோ சொல்வதைக் கவனமாகக் கேட்கிற அமைதி அது. மாரென் கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். குளிர்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைக்குள் தலையை நீட்டி, "வெளிய ஒரு குழந்தை அழுதுச்சு. யாரோடது?" என்று கேட்டாள். சீட்டாடிக்கொண்டிருந்த இரண்டு கிழவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களையும் இவர்களையும் தவிரக் கடையில் யாரும் இல்லை.

பணிப்பெண் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தாள். "ரெண்டும் உங்களோடது இல்லையா? இரட்டைன்னு நெனச்சேன்."

"இல்லீங்க. எங்களுக்கு ஒண்ணுதான்."

"இங்க யாரும் குழந்தைய வெளிய விட மாட்டாங்க," என்றாள் அவள். பிறகு வெளியே பார்க்காமல், ஜன்னலின் லேஸ் திரையை இழுத்து மூடினாள்.

கிளம்பும்போதும் அந்த வண்டி அங்கேயேதான் நின்றது. மாரெனுக்கு விட்டுப்போக மனசில்லை. போலீஸிடம் சொல்லலாமா என்றாள்.

"அவங்கம்மா எங்கயாவது சிகரெட் பிடிச்சிட்டிருப்பா. நாம போலீஸ கூட்டிட்டு வந்தா நம்மளத்தான் பிடிப்பாங்க," என்றான் எஸ்பென்.

"அதுல யாரும் இல்லம்மா," என்றாள் லிவா. "நான் மூடிய தூக்கிப் பாத்தேன். ஈரப் போர்வைதான் இருக்கு."

"அடுத்தவங்க வண்டிய தொறக்கக் கூடாதுன்னு எத்தன வாட்டி சொல்லியிருக்கேன்?"

"யாரும் இல்லாதப்ப அது யாரு வண்டியும் இல்லல்ல?"

எஸ்பென் வாய்விட்டுச் சிரித்தான். மாரென் சிரிக்கவில்லை. யாரும் இல்லை என்றால் அழுதது யார் என்று கேட்க வந்தவள், மகள் பயப்படுவாளே என்று வாயை மூடிக்கொண்டாள். பூனையாக இருக்கும். காற்றாக இருக்கும்.

அந்த மத்தியானம் அவர்கள் சுற்றியதெல்லாம் அவளுக்குப் பாதி மனதோடுதான் போயிற்று. கோட்டைச் சுவரின் அடியில் லிவா கல்லை எண்ணினாள். பாலத்தின்மேல் எஸ்பென் எல்லாரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தான். மணிக்கூண்டிலிருந்து மணிகள் ஏதோ பாட்டை வாசித்தன, மூடுபனியில் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியவில்லை. கல் பாவிய தெருவில் மால்தேயின் வண்டி கடகடவென்று உருண்டது. அந்தக் கடகடப்புக்குள் இன்னொரு சத்தம் இருந்தது. க்ரீச். கொஞ்சம் தள்ளி, பின்னால். க்ரீச். அவள் நின்றாள். அதுவும் நின்றது. நம் சக்கரத்துக்குத்தான் எண்ணெய் வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவர்களுடைய சக்கரம் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை.

லிவாவுக்கு ஒரு பொம்மை வாங்கித் தருவதாக ஓடென்ஸிலேயே பேச்சு. பொம்மைக்கடை ஒரு சந்தில் இருந்தது. வாசலில் படிகள், உள்ளே ஆள் ஒருக்களித்து நடக்கிற அகலம்தான். வண்டி போகாது.

"அஞ்சு நிமிஷம்," என்றான் எஸ்பென்.

"நான் வெளிய நிக்கறேன்."

"அம்மா, நீ வந்தாதான்! அப்பாவுக்கு எது நல்லா இருக்குன்னே தெரியாது!"

"கேட்டுக்கோ, என் பொண்ணு என்னைப் பத்தி வெச்சிருக்கற மதிப்பு," என்றான் எஸ்பென். "மாரென், இவ்வளவு நாள் வெளிய விட்டோம். இன்னிக்கு என்ன புதுசா?"

புதுசாக என்ன என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. பழக்கம் பெரிய சங்கிலி. அது இழுத்த பக்கம் போனாள். வண்டிக்கு பிரேக் போட்டாள். வண்டியின் குறுக்கே கட்டியிருந்த மர மணிச்சரத்தைச் சரிசெய்தாள். சிவப்பு, பச்சை மணிகள், நடுவில் ஒரு யானை. யானையின் ஒரு காதை லிவா கைக்குழந்தையாக இருந்தபோது கடித்து உடைத்திருந்தாள். அலாரத்தைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

கடைக்குள் மரத்தூளும் மெழுகும் மணத்தன. லிவா ஒரு முயலையும் ஒரு நரியையும் மாற்றி மாற்றி எடுத்தாள். மாரென் அலாரத்தைக் காதில் வைத்திருந்தாள். மால்தேயின் மூச்சு வந்தது; மூக்கடைப்பால் கடைசியில் ஒரு சின்ன விசில். உள்ளே, வெளியே, விசில். அவளுக்கு மனப்பாடமான மூச்சு. அந்த மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இன்னொரு மூச்சு கேட்டது.

முதலில் அது தப்பும் தவறுமாக வந்தது. அவசரப்பட்டு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. மூச்சு விடத் தெரியாத ஒன்று, பக்கத்தில் கேட்டுக் கேட்டுப் பழகுவதுபோல. பிறகு மெல்ல மெல்ல மால்தேயின் மூச்சோடு ஒன்றாகச் சேர்ந்தது. உள்ளே, வெளியே. கடைசியில் அந்த விசிலும் சேர்ந்து வந்தது. இரண்டு விசில்.

மாரென் அலமாரியில் இடித்து, பொம்மைகளைச் சரித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

இரண்டு வண்டிகள் நின்றன. மால்தே தூங்கிக்கொண்டிருந்தான், கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது, நெற்றியில் பால் வாசனை இருந்தது. அவள் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம்தான் பக்கத்து வண்டியைப் பார்த்தாள். கறுப்பு இல்லை அது. கருநீலம், இவர்களுடையதைப் போலவே. சக்கரங்கள் அவ்வளவு உயரமாக இல்லை. குறுக்கே ஒரு நூல் கட்டியிருந்தது, மணி எதுவும் இல்லாமல், வெறும் நூல்.

எஸ்பென் பின்னாலேயே வந்தான். பார்த்தான். இந்தத் தடவை அவனுக்கும் உடனே தமாஷ் எதுவும் வரவில்லை. "அது வேற வண்டியா இருக்கும்," என்றான் கடைசியில். "விடுமுறை வாரம். ஊர்ல பாதிப் பேரு நம்ம ஆளுங்கதான்."

லிவா முயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்த வண்டியின் மூடிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லிவா! இங்க வா!"

"இப்ப உள்ள கொஞ்சம் இருக்கும்மா," என்றாள் அவள்.

"கொஞ்சம்னா? என்ன கொஞ்சம்?"

லிவா தோளைக் குலுக்கினாள். "முன்னாடி யாரும் இல்ல. இப்ப கொஞ்சம் இருக்கு."

மாரென் மகளின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் முயல் கீழே விழுந்தது. அறைக்குப் போகலாம், இப்பவே போகலாம் என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. எஸ்பென் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி, டிராமில் போய்விடலாம் என்றான். அவன் கையை அவள் முதுகில் வைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதனிடம் தான் சொன்ன வார்த்தையை அவனிடம் சொல்லவேண்டும் என்று இருந்தது. எப்படிச் சொல்வது? எங்கேயோ கிடந்த ஒரு வண்டியிடம் நான்தான் உன் அம்மா என்று சொல்லிவிட்டேன், அது நம்பிவிட்டது என்று எந்தப் பெண் தன் புருஷனிடம் சொல்லுவாள்?

இனி இந்தக் கைப்பிடியை விடமாட்டேன் என்று அவள் முடிவு செய்தாள். யார் என்ன சொன்னாலும் சரி. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். மூடுபனி இப்போது தெருவை நிறைத்திருந்தது. விளக்குகள் நேரத்தோடே எரியத் தொடங்கி, ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி மட்டும் கொஞ்சம் வெளிச்சத்தை வைத்துக்கொண்டது. எதிரே வருகிறவர்களின் செருப்புச் சத்தம் முதலில் வந்தது, ஆட்கள் பிறகு வந்தார்கள். சிலருக்குச் சத்தம் மட்டும் வந்தது. பின்னால் க்ரீச் என்றது. அவள் வேகமாக நடந்தாள். அதுவும் வேகமாக வந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒன்றும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும். நின்றால்தான் அது பக்கத்தில் வந்து நிற்கும்.

டிராம் நிறுத்தத்தில் நிற்கத்தான் வேண்டியிருந்தது.

டிக்கெட் இயந்திரம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. "இங்கயே நில்லுங்க. இதோ வரேன்," என்று எஸ்பென் தண்டவாளத்தைத் தாண்டிப் போனான். அவனுடைய பச்சைக் கோட்டு சாம்பலாகி, பிறகு காணாமல் போயிற்று.

"லிவா, வண்டிய பிடிச்சுக்கோ. கைய எடுக்காத."

"குளிருதும்மா."

"பிடிச்சுக்கோ!"

லிவா பிடித்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. மாரென் அந்தப் பக்கம் பார்த்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள். வண்டியின் இடப்பக்கம் காலியாக இருந்தது. வலப்பக்கம் காலியாக இருந்தது. கைப்பிடி அவளுடைய கைச்சூட்டில் வெதுவெதுத்திருந்தது. மால்தே தூங்குகிறான். எல்லாம் சரியாக இருக்கிறது. டிராம் வரும், ஏறுவோம், போவோம். கோட்டுப் பையில் அலாரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

மூடுபனிக்கு அப்பால் பச்சையாக ஏதோ அசைந்தது.

"அப்பா!" என்று கத்திக்கொண்டு லிவா ஓடினாள்.

தண்டவாளத்துக்கு நேராக ஓடினாள். டிராமின் மணி அடித்தது, மிகக் கிட்டத்தில். இரண்டு விளக்குகள். மாரென் கைப்பிடியை விட்டாள். ஓடினாள். லிவாவின் மழைக்கோட்டுத் தொப்பி கையில் அகப்பட்டது. இழுத்தாள். இருவரும் பின்பக்கமாகக் கல்லில் விழுந்தார்கள். இரும்பு இரும்பில் கிறீச்சிட்டு டிராம் நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் வாயைத் திறந்து திட்டிக்கொண்டிருந்தார். லிவா ஒருமுறை மூச்சை இழுத்து வீறிட்டு அழுதாள். உயிரோடு இருந்தாள்.

மாரென் திரும்பினாள்.

இரண்டு வண்டிகள்.

இரண்டும் கருநீலம். இரண்டிலும் மணிச்சரம். சிவப்பு, பச்சை, நடுவில் யானை. இரண்டு யானைக்கும் ஒரு காது இல்லை.

ஒன்றிலிருந்து அழுகை வந்தது. மால்தேயின் அழுகை. அந்த இழுப்பு, நடுவில் அந்த விக்கல், எல்லாம் அவன்தான். மற்றதில் சத்தமில்லை.

அவள் அழுகிற வண்டிக்கு ஓடினாள். மூடியைத் தள்ளினாள். மஞ்சள் குல்லாய். சிவந்த கன்னம். மூடிய கண்கள். திறந்த வாய். மால்தே. கடவுளே, மால்தே. உடம்பைச் சுற்றியிருந்த கனத்த தூக்கப் பையோடு அவனை வாரி எடுத்துத் தோளில் போட்டாள். அழுகை அந்த நொடியே நின்றது. முகத்தை அவள் கழுத்தில் புதைத்துக்கொண்டான்.

"அம்மா," என்றாள் லிவா. அவள் மற்ற வண்டிக்குப் பக்கத்தில் நின்று, உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, இங்க பாரு, இதுல..."

"பாக்காத! கிட்ட போகாத!"

"இல்லம்மா, இங்க..."

அதற்குள் இருப்பதை மாரென் பார்க்கத் தயாராக இல்லை. உலகத்தில் எதைக் கொடுத்தாலும் பார்க்கமாட்டாள். மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். லிவா கால்களைக் கல்லில் ஊன்றி எதிர்த்தாள், பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், ஏதோ சொன்னாள். மாரென் கேட்கவில்லை. தரதரவென்று இழுத்துக்கொண்டு டிராம் படியில் ஏறினாள். எஸ்பென் முன்பக்கமாகச் சுற்றி ஓடிவந்து முன்கதவில் தொற்றி ஏறியிருந்தான். கதவுகள் மூடின. டிராம் நகர்ந்தது.

"என்ன ஆச்சு? அடி பட்டுச்சா? வண்டி எங்க?"

"விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? மாரென், வண்டிய எப்படி..."

"குழந்தை இருக்கான்ல? கையில இருக்கான்ல? அது போதும். அந்த வண்டிய பத்திப் பேசாத."

எஸ்பென் அவள் முகத்தைப் பார்த்தான். லிவாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். "சரி. அடுத்த ஸ்டாப்புல நான் மட்டும் எறங்கிப் போய் எடுத்துட்டு வரேன். நீ ஒக்காரு. ஒக்காரும்மா." லிவா யாரையும் பார்க்காமல், சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

மாரென் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். தோளில் அவன் கனம் இருந்தது, கழுத்தில் அவன் மூச்சு இருந்தது. கடைசியில் அந்த விசில். முடிந்தது. நாளைக்கு விமானம், நாளைக்கு வீடு. இனி இவனைக் கையைவிட்டு இறக்கமாட்டேன், யார் சிரித்தாலும் சரி, கடைக்குள்ளேயே வைத்துக்கொள்வேன். அழுது களைத்துத் தூங்கிவிட்டான் போலும். முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. ஆனால் தூங்குகிற குழந்தையை அசைக்கக் கூடாது. கன்னத்தைக் குல்லாயில் சாய்த்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள். நன்றி சொன்னாள், யாருக்கென்று தெரியாமல்.

குல்லாய் ஈரமாக இருந்தது. நனைந்த கம்பளி மணத்தது.

கோட்டுப் பையில் அலாரம் கரகரத்தது.

தும்மல்.

இன்னொரு தும்மல்.

ஒரு சின்ன யோசனை.

பிறகு அழுகை. தூங்கி எழுந்து, பக்கத்தில் யாருமில்லாமல், மூடுபனியைப் பார்த்துக்கொண்டு அழுகிற அழுகை. அவள் அறிந்த ஒரே அழுகை. டிராம் பாலத்தில் ஏறியது. அழுகை விட்டு விட்டு வந்தது. தூரமாகிக்கொண்டே போயிற்று.

மாரென் அலாரத்தை வெளியே எடுத்தாள். எதிரே எஸ்பென் அதைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அவள் தோளைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோயிற்று.

தோளில் இருந்தது தலையைத் தூக்கியது.

தூக்கப் பையிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது. அவசரமே இல்லை அதற்கு. அவள் விரல்களின் மேலாக நீண்டு, அலாரத்தின் பொத்தானைத் தேடி, அழுத்தியது.

மாரென் கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. குரல் காதுக்குப் பக்கத்தில், தோளிலிருந்து கேட்டது. அவளுடைய குரல். அதே ராகம்.

"ஷ்ஷ்... அம்மா இங்கதான் இருக்கேன். தூங்கு."

அலாரத்தில் அழுகை தயங்கியது. விம்மியது. ஒருமுறை விக்கியது. அம்மா சொன்னால் கேட்கிற பிள்ளை. மெல்ல மெல்ல அடங்கி, மூச்சு விட்டது. உள்ளே, வெளியே, விசில்.

பிறகு, தூரம் அதிகமாகிவிட்டது என்று சொல்லும் சிவப்பு விளக்கு அலாரத்தில் எரிந்தது. அந்தச் சின்னக் கை பொத்தானை விட்டுவிட்டு மாரெனின் முதுகுக்குப் போயிற்று. காலையில் அவள் வண்டியை ஆட்டிய அதே நிதானத்தில், தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.